புகைச்சட்டியை வாங்க ஒரு கை

“கொசு செத்தவங்களக் கடிக்குமாம்மா?”

பூங்காவனம் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. நாகலாபுரம் கோயில் மண்டபத்தில் அம்மாவின் மடியில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். மகளின் கால்களுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்த தாட்சாயணியின் கை அப்படியே நின்றது.

“தூங்கற நேரத்துல கேக்கற கேள்வியா இது?”

“சொல்லும்மா. கடிக்குமா?”

“கடிக்காது கண்ணு,” என்றாள் பக்கத்தில் படுத்திருந்த பெரியம்மா கிருஷ்ணம்மா. “அதுக்குச் சூடு வேணும். ரத்தம் ஓடற ஒடம்பு வேணும். சில்லுனு போனதுமேல அது குந்தாது. அது கெடக்கட்டும், இந்த எண்ண நாத்தத்துக்கு உசுரோட இருக்கறவங்களே கிட்ட வர மாட்டாங்க. உங்க பெரிநைனா எங்க போயி படுத்துக்கினு இருக்காரு பாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். குழந்தையும் சிரித்துக்கொண்டே தூங்கிப்போனது. இரண்டு இரவுகள் கழித்து அந்தக் கேள்வி மறுபடி ஞாபகத்துக்கு வந்தபோது, தாட்சாயணியால் கத்தக்கூட முடியவில்லை.

இது நடந்தது. 1968, புரட்டாசி மாதம். நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். தாட்சாயணி விற்கிற பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கத் தெரியாதவள். அவள் விளக்கேற்றி வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்து சொன்னது இது. இதில் கூட்டியது எதுவுமில்லை.

சத்தியவேடு பக்கத்தில் ஒரு கிராமம் அவளுடையது. அந்த வருஷம் ஆடியில் பூங்காவனத்துக்கு மலேரியா வந்தது. குளிர் வந்து உதறும்போது இரண்டு ஆள் பிடித்தாலும் கட்டில் ஆடும். எப்படியோ பிழைத்தாள். புத்தூர் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, “இனிமே கொசு கடிக்காமப் பாத்துக்கோம்மா. மறுபடி இந்தக் காய்ச்சல் வந்தா புள்ள தாங்காது” என்றார். அன்று இரவே தாட்சாயணி வேண்டிக்கொண்டாள். பெருமாளே, நடந்தே வந்து குழந்தைக்கு முடி இறக்குகிறேன்.

வேண்டிக்கொண்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. புரட்டாசியில் திருப்பதிக்கு நடப்பதென்றால், மழை பெய்து நிற்கும் ஏரி குளங்களுக்கு நடுவே ஐந்து இராத்திரி வெளியில் படுப்பது. கொசுவிடமிருந்து காப்பாற்றிய குழந்தையைக் கொசுவின் நடுவே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

“பஸ்ஸுல போனா சாமி கோச்சிக்குமா?” என்று கேட்டான் அவள் கணவன் முனிகிருஷ்ணன். கேட்டானே தவிர, அவனுக்கும் வேண்டுதலை மாற்றப் பயம். கடலைக்கொல்லையைப் பன்றியிடமிருந்து காக்க அவன் ஊரில் தங்கினான். அவனுடைய அண்ணன், பூங்காவனத்தின் பெரிநைனா, செங்கல்வராயனும் அண்ணி கிருஷ்ணம்மாவும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். பக்கத்து வீட்டு மணியம்மாவும் வேறு மூன்று ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

செங்கல்வராயன் எட்டு முறை நடந்தவர். கையில் ஒரு கடிகாரம் உண்டு. ஒவ்வொரு நாள் சாயங்காலமும் மறுநாள் திட்டத்தை எல்லாருக்கும் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

“கோழி கூவறதுக்கு மின்ன எழுந்துக்கணும். வெயில் ஏறங்காட்டியும் ஆறு மைலு. அப்பறம் சமையலு, துன்னுட்டுத் தூக்கம். சாயங்காலம் நாலு மைலு. இருட்டறதுக்குள்ள ஏரி, குட்டை எதுவும் இல்லாத மேட்டு எடமாப் பாத்து எறங்கிடணும். தண்ணி ஓரம் தங்கினா கொசுவுக்கு நாமதான் சோறு.”

“பஸ் ஸ்டாண்டுல மைக்குல கத்தறவன் தோத்தான்,” என்பாள் கிருஷ்ணம்மா.

அந்த நடையில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. மஞ்சள் துணி உடுத்தியதிலிருந்து மலையில் முடி இறக்கும்வரை, பெரியவர்கள் யாரும் யாரையும் பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடக்கூடாது. எல்லாரும் கோவிந்தா. தண்ணீர் கேட்டாலும் கோவிந்தா, வழி கேட்டாலும் கோவிந்தா. அழைத்தால் பதிலுக்குக் கோவிந்தா சொல்லியாக வேண்டும். காதில் விழுந்தும் சொல்லாமல் இருப்பது பாவம்.

“எனக்கின்னா கஷ்டம்? இருவது வருசமா இந்த ஆளப் பேரு சொல்லியா கூப்ட்டேன்?” என்று அதற்கும் கிருஷ்ணம்மா ஒரு சிரிப்பு வைத்திருந்தாள்.

இரண்டாவது, புகை முறை. இரவு முழுக்க யாராவது ஒருவர் புகைச்சட்டியோடு விழித்திருக்க வேண்டும். இரண்டு காது வைத்த மண்சட்டி. உள்ளே வரட்டித் தணல், மேலே வேப்பிலை. அடியில் கந்தல் சுற்றிய பிரிமணை. அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தரையில் வைத்தால் வைத்தவருக்குத் தூக்கம் வந்துவிடும், தணல் அணைந்துவிடும். முறை முடிந்தவர் “கோவிந்தா” என்பார். அடுத்தவர் “கோவிந்தா” என்று எழுந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். கையிலிருந்து கைக்குத்தான் போக வேண்டும். பொழுது விடிந்த பிறகு கடைசி முறைக்காரர் மட்டும் அதைத் தரையில் வைக்கலாம்.

மூன்றாம் நாள் வரை திட்டம் பிசகவில்லை. குழந்தையின் உடம்பில் ஒரு தடிப்பு இல்லை. ஒவ்வொரு காலையும் தாட்சாயணி அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவாள்.

பிச்சாட்டூரைத் தாண்டியதும் செங்கல்வராயன் ஒரு வண்டிப்பாதையைக் காட்டினார். ரோட்டில் போவதைவிட மூன்று மைல் மிச்சம். ஆற்றில் இறங்கி ஏறினால் நாராயணவனம். இருட்டுவதற்குள் கோயில் மண்டபத்தில் படுத்துவிடலாம் என்றார்.

மதியம் மழை பிடித்தது. அப்படி ஒரு மழை. நனைந்துகொண்டே நடந்து, ஒரு ஓடையைத் தாண்டி, ஆற்றங்கரைக்கு வந்தபோது ஆறு கரை புரண்டு போனது. செந்தண்ணீர். வேரோடு ஒரு மரம் உருண்டு போனது. திரும்பிப் போகலாமென்றால், முழங்கால் அளவு இருந்த ஓடை இப்போது கழுத்தளவு. முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

நடுவில் ஒரு புளியந்தோப்பு. தோப்பை ஒட்டி ஒரு குட்டை. குட்டைக்கரையில் ஒரு பழைய சத்திரம்.

“தண்ணி இல்லாத எடம் பாத்துட்டாரு,” என்றாள் கிருஷ்ணம்மா. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சத்திரத்துக்கு முன்னால் ஒரு கூடம். அதற்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரே அறை. ஆண்கள் கூடத்தில் தங்கிக்கொண்டார்கள். பெண்களும் குழந்தையும் அறைக்குள் நுழைந்தார்கள். நுழைந்ததுமே முகத்தில் மணலை வீசியது போலக் கொசு. வாயைத் திறந்தால் வாய்க்குள் போனது. செங்கல்வராயன் லாந்தரைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டினார். ஒரு மூலையில், மேலே விட்டத்தில், ஒரு குடம் அகலத்துக்குக் கறுப்பாகப் புகை படிந்திருந்தது. யாரோ அதே இடத்தில் ரொம்ப நேரம் புகை போட்டிருக்கிறார்கள்.

வரட்டி மூட்டை நனைந்துவிட்டது. நடுவில் இருந்த நாலு வரட்டி மட்டும் ஈரமில்லை. வேப்பிலை ஒரு கட்டு. அவ்வளவுதான். லாந்தரில் எண்ணெயும் கம்மி. அது கூடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவானது.

“மொத முறை நீ,” என்று செங்கல்வராயன் தாட்சாயணியைப் பார்த்துச் சொன்னார். “ஒரு மணிக்கு மேல உங்க அக்கா. நான் மணிக்கொருதரம் கொரல் குடுக்கறேன். பயப்படாதீங்க.”

தாட்சாயணி குழந்தையைத் தன் புடவையால் கழுத்துவரை மூடினாள். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் கிருஷ்ணம்மா. கால்மாட்டில் மணியம்மா, இருமிக்கொண்டே படுத்தாள்.

“மணி பத்து… கோவிந்தா…”

“கோவிந்தா,” என்றாள்.

“மணி பதினொண்ணு… கோவிந்தா…”

ஒரு கையால் புகையைக் குழந்தை பக்கம் தள்ளினாள். மறு கையால் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய கை, கழுத்து, முதுகு எல்லாம் எரிந்தது. ஊசி ஊசியாக இறங்கியது. அடிக்கவில்லை. அடித்தால் சட்டி ஆடும்.

“மணி பன்னெண்டு… கோவிந்தா…”

பன்னிரண்டுக்குப் பிறகு மழை நின்றது. சட்டென்று நின்றது. தவளைச் சத்தமும் இல்லை. இலை சொட்டும் சத்தம்கூட இல்லை.

கிரீச்…

பிறகு, தொம் என்று ஒரு சத்தம்.

கூடத்திலிருந்து வந்த லாந்தர் வெளிச்சம் போய்விட்டது. அறைக்கதவு மூடிக்கொண்டது. கொசு உள்ளே வராமலிருக்க ஆண்கள் சாத்தியிருப்பார்கள். நல்லதுதான் என்று நினைத்தாள்.

சட்டியில் தணல் ஒரு கைப்பிடிதான் இருந்தது. கண் சொருகியது. மூன்று நாள் நடந்த உடம்பு. தலை முன்னால் சாயும், திடுக்கிட்டு நிமிர்வாள். மறுபடி சாயும்.

“மணி ஒண்ணு… கோவிந்தா…”

குரல் கதவுக்கு ரொம்பப் பக்கத்தில் கேட்டது. கரகரப்பாக இருந்தது. மழையில் நனைந்த தொண்டை என்று நினைத்தாள்.

“கோவிந்தா,” என்று இருட்டில் மெல்ல அழைத்தாள். அடுத்த முறைக்காரியை எழுப்பத்தான்.

“கோவிந்தா.”

உடனே பதில் வந்தது. அழைப்பதற்காகவே காத்திருந்ததுபோல.

இரண்டு கைகள் நீண்டன. சட்டியை வாங்கிக்கொண்டன. விரல்கள் ஈரமாக இருந்தன. கிருஷ்ணம்மா கை நிறையக் கண்ணாடி வளையல் போடுகிறவள். கையை அசைத்தால் வீடு முழுக்கக் கேட்கும். அந்தக் கைகளில் வளையல் சத்தம் இல்லை.

தாட்சாயணிக்கு அது தோன்றவேயில்லை. அந்த நிமிஷமே சாய்ந்தாள்.

எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று தெரியாது.

வாசனைதான் அவளை எழுப்பியது. நொச்சி. பச்சை நொச்சிக் கொத்து தணலில் பொசுங்கும் வாசனை. கொசுவுக்கு அதைவிட நல்ல புகை இல்லை. அக்கா இந்த நேரத்தில் நொச்சிக்கு எங்கே போனாள்? கண்ணைத் திறக்காமலே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. குழந்தை தப்பித்தது.

அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குறட்டை கேட்டது.

கிருஷ்ணம்மாவின் குறட்டை.

தாட்சாயணி அசையவில்லை. கால்மாட்டில் இருமல். அது மணியம்மா.

கண்ணைத் திறந்தாள்.

அறை முழுக்கப் புகை. குழந்தையின் தலைமாட்டில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் சட்டி. தணல் சிவப்பாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் மஞ்சள் புடவையும், இரண்டு முழங்கைகளும் தெரிந்தன. அதற்கு மேலே புகை. முகம் தெரியவில்லை.

“மணி ரெண்டு… கோவிந்தா…”

கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அந்தக் குரல் கேட்டது.

மச்சாண்டார் செங்கல்வராயனைக் கூப்பிட வேண்டும் என்று தாட்சாயணி கதவுப் பக்கம் தவழ்ந்தாள். கைக்குப் பலகை தட்டுப்பட்டது. ஈரப் பலகை. தள்ளினாள். மழையில் ஊறி உப்பிய கதவு, நிலையில் இறுகியிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை. தட்டினாள். தண்ணீருக்கு அடியில் தட்டியதுபோல இருந்தது. சத்தமே வரவில்லை.

“மணி ரெண்டு… கோவிந்தா…”

மறுபடியும் இரண்டு.

அப்போது குழந்தையின் குரல் கேட்டது. பாதித் தூக்கத்தில் பேசும் குரல்.

“பெரிம்மா…”

“ம்?”

“உன்மேல கொசுவே குந்தலியே. எண்ண தடவிக்கினியா?”

“இல்ல கண்ணு.”

தாட்சாயணி திரும்பிப் பார்த்தாள். தணல் வெளிச்சத்தில், புகைக்குத் தப்பிய கொசுக்கள் கூட்டமாகச் சுற்றின. அவளுடைய கன்னத்திலேயே இரண்டு குத்திக்கொண்டிருந்தன. அந்த முழங்கைகளின் பக்கம் வந்தன. விலகின. மறுபடி வந்தன. விலகின.

ஒன்றுகூட உட்காரவில்லை.

சில்லுனு போனதுமேல அது குந்தாது.

கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. குழந்தைக்கும் அந்த மடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பாய்ந்து பிள்ளையை இழுக்கலாம். இழுத்து? எங்கே போவது? கதவு திறக்காது.

“மணி ரெண்டு… கோவிந்தா…”

மூன்றாவது முறை.

அந்த உருவம் அவள் பக்கம் திரும்பியது. சட்டியை மடியிலிருந்து தூக்கியது. இரண்டு கைகளாலும் அவளை நோக்கி நீட்டியது.

“கோவிந்தா.”

பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருப்பது பாவம். தாட்சாயணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“கோவிந்தா…”

கண்ணை இறுக மூடினாள். தூங்குகிறவள்போல மூச்சை இழுத்து இழுத்து விட்டாள்.

“கோவிந்தா…”

தணலின் சூடு முகத்தில் பட்டது. அவ்வளவு கிட்டத்தில்.

அப்புறம் ஒரு பெருமூச்சு.

“கை நோவுது…”

அவ்வளவுதான். சூடு விலகியது. குழந்தையின் தலைமாட்டில், புகையைத் தள்ளும் கை மறுபடி அசையும் சத்தம் கேட்டது.

விசுக்… விசுக்… விசுக்…

“கோவிந்தா, எழுந்திரு. தண்ணி எறங்கிடுச்சு. மறுபடி மழ வரங்காட்டியும் தாண்டிடணும்.”

கிருஷ்ணம்மா தோளைப் பிடித்து உலுக்கினாள். அறைக்குள் வெளிச்சம் இருந்தது. தாட்சாயணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் அவர்களுடைய சட்டி இருந்தது. கிருஷ்ணம்மா அதை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள்.

“எப்பவோ அணைஞ்சு போயிருக்குது. எல பாதிகூட எரியல. என்ன எழுப்பறதுக்கு இன்னா கேடு ஒனக்கு? இங்க பாரு, என் மூஞ்ச. அதிரசமா ஊதிக்கினு இருக்குது.”

மணியம்மாவின் கைகளெல்லாம் தடிப்பு. தாட்சாயணியின் ஒரு கண் மூடிக்கொள்ளுமளவுக்கு வீங்கியிருந்தது. தாட்சாயணி குழந்தையைத் திருப்பினாள். கால், கை, முதுகு, காதுமடல்.

ஒரு தடிப்பு இல்லை.

குழந்தையின் தலைமுடியில் முகத்தை வைத்தாள். நொச்சி வாசனை அடித்தது.

திரும்பிப் பார்க்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். ஆற்றில் இடுப்பளவு தண்ணீர். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் கடந்தார்கள். அக்கரை ஏறியதும் செங்கல்வராயன் தலையைச் சொறிந்தார்.

“மன்னிச்சிக்கோங்க கோவிந்தா. மணி சொல்றேன்னுட்டு, பன்னெண்டு சொன்னதோட தூங்கிப் பூட்டேன். விடியறவரைக்கும் கண்ணே முழிக்கல.”

தாட்சாயணி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நாராயணவனத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் சிட்டிபாபு என்பவர் இட்லிக்கடை வைத்திருந்தார். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறவர். இவர்களுடைய வீங்கிய முகங்களைப் பார்த்துவிட்டு, இலை போட்டுக்கொண்டே கேட்டார்.

“ராத்திரி எக்கட தங்கினீங்க?”

“ஆத்துக்கு அந்தண்ட. புளியந்தோப்பு சத்திரம்.”

சிட்டிபாபுவின் கை நின்றது.

“லோபலயா படுத்தீங்க? உள்ரூம்லயா?”

“பொம்பளைங்க மட்டும்,” என்றார் செங்கல்வராயன்.

சிட்டிபாபு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே புரட்டாசியில், மெட்ராஸ் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் நடந்து வந்தது. அவர்களும் அங்கே மாட்டிக்கொண்டார்கள். கூட்டத்தில் ஒரு கைக்குழந்தை. ஒரு பெண்பிள்ளை அதற்குப் புகை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுடைய குழந்தைகூட இல்லை. யாருடையதோ. அவளுக்கு அப்போதே நல்ல காய்ச்சல். அவள் முறை இரண்டு மணியோடு முடிந்தது. அடுத்தவளைக் கூப்பிட்டிருக்கிறாள்.

“அடுத்த முறைக்காரம்மா முழிச்சுக்கினுதான் படுத்திருந்தாளாம். காதுல விழுந்துச்சாம். அலுப்பு… எழுந்துக்கல. காலையில பாத்தா, குந்தினபடியே செத்துப் போயிருக்கா அந்தம்மா. குழந்தைக்கு ஒண்ணுமில்ல. சட்டிய வாங்கப் பாத்தாங்க. வேலு வதலலேது… விரல் வுடவேயில்ல. அதோடயே வச்சு எரிச்சாங்க.”

“பேரு இன்னா அவங்களுக்கு?” தாட்சாயணி கேட்டாள்.

“யாருக்குத் தெரியும்மா? நேர்ந்துக்கினு நடந்தவங்க. கோவிந்தா, கோவிந்தான்னுதான் அழுதாங்க.”

தாட்சாயணி இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், “அந்த ரூம் கதவு… ராத்திரி தெறக்கவே வரல” என்றாள்.

சிட்டிபாபு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏ கதவும்மா? அந்த ரூமுக்குக் கதவு ஏது? அன்னைக்கும் இதே மழதான். காஞ்ச கட்டை ஒண்ணு கெடைக்கல. அந்த ரூம் கதவக் கழட்டிப் பொளந்து போட்டுத்தானே அந்தம்மாவ எரிச்சோம். நானும் கூடப் போனேன்.”

“ஆமா,” என்றார் செங்கல்வராயன் மெதுவாக. “லாந்தர் தூக்கிப் பாத்தேனே. வாசல்ல நெலை மட்டுந்தான் இருந்திச்சு.”

யாரும் இட்லியைத் தொடவில்லை.

பூங்காவனத்துக்கு மலையில் முடி இறக்கினார்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு அவள் லட்டைக் கடித்துக்கொண்டு படியிறங்கினாள். காய்ச்சல் வரவில்லை. அந்த வருஷமும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

வேண்டுதல் தீர்ந்தது. ஆனாலும் தாட்சாயணிக்கு நிம்மதி இல்லை. இரவில் பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிடும்போதெல்லாம், கை நோவுது என்ற அந்தக் குரல் கேட்கும். பெருமாள் நம்மிடம் பெரிய காரியம் எதையும் கேட்பதில்லை. பாதித் தூக்கத்தில் எழுந்து இரண்டு கையை நீட்டச் சொல்கிறார். அதைக்கூடச் செய்யாமல், தன் பிள்ளையைக் காத்தவளுக்கு முன்னால் தூங்குவதுபோல நடித்தோமே என்று அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த அடுத்த முறைக்காரி செய்ததையேதான் அவளும் செய்திருந்தாள்.

அடுத்த புரட்டாசியில் மறுபடி நடந்தார்கள். மழை பொய்த்த வருஷம். செங்கல்வராயன் குறுக்கு வழி என்ற பேச்சையே எடுக்கவில்லை. ரோட்டு வழியாகவே வந்து, நாராயணவனம் மண்டபத்தில் இறங்கினார்கள். முதல் முறை கிருஷ்ணம்மாவுக்கு. பூங்காவனம் அவளை ஒட்டிப் படுத்துத் தூங்கினாள். தாட்சாயணி மெல்ல எழுந்து, ஒதுங்கப் போகிறவள்போல வெளியே வந்தாள்.

ஆற்றில் வெறும் மணல். நிலவு இருந்தது. ஒன்றரை மைல் தனியாக நடந்தாள். வாயில் கோவிந்த நாமம் ஓடியது. நிற்கவில்லை.

அறை வாசலில் நிலை மட்டும் நின்றது. கதவில்லை. கையால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

விட்டம் கறுத்திருந்த மூலைக்கு எதிரே உட்கார்ந்தாள். குட்டையில் பாதித் தண்ணீர் இருந்தது. கொசு இருந்தது. அவள் மேல் மொய்த்தது. விட்டுவிட்டாள்.

எதுவும் நடக்கவில்லை. ரொம்ப நேரம்.

பிறகு அவள், போன வருஷம் சொல்லாமல் விட்ட பதிலைச் சொன்னாள்.

“கோவிந்தா.”

இரண்டு கைகளையும் நீட்டினாள்.

கைகளில் உட்கார்ந்திருந்த கொசுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து பறந்தன.

நொச்சி வாசனை வந்தது.

உள்ளங்கைகளில் கனம் இறங்கியது. சூடான கனம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கை தாழ்ந்தது. ஈரமான விரல்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன.

அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

இரவு முழுக்க அப்படியே இருந்தாள். தோள் கடுத்தது. முதுகு விறைத்தது. ஒருமுறைகூடக் கண்ணயரவில்லை. எதிர் மூலையில், நீண்ட நாள் தூங்காத ஒருத்தி படுத்ததும் விடும் மூச்சுபோல ஒன்று கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது.

நிலைக்கு வெளியே வானம் வெளுத்தது. தோப்பில் ஒரு காகம் கத்தியது.

பொழுது விடிந்துவிட்டது. கடைசி முறைக்காரி சட்டியைக் கீழே வைக்கலாம்.

தாட்சாயணி குனிந்து, இரண்டு கைகளாலும், ஒரு கைக்குழந்தையை இறக்குவதுபோல அந்தக் கனத்தைத் தரையில் வைத்தாள். கை லேசானது.

பார்த்தவர் யாருமில்லை. எழுந்திருக்கும் முன்னால் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். தரை முழுக்கச் சில்லென்று இருந்தது. அந்த ஒரு வட்டம் மட்டும், சட்டியின் அளவுக்கு, சூடாக இருந்தது.